பதினஞ்சு மணி நேரம்

மத்தியானம் மூணு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த அக்காவுக்கு, பெட்டியும் கையுமாக நின்ற தம்பியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“வந்துட்டியா ராசா?”

“கோபப்படாதேக்கா. பதிமூணாயிரம் கிலோமீட்டர்! அங்கே நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு விமானம் ஏறினேன். பதினஞ்சு மணி நேரம் உட்கார்ந்தே வந்ததுல இடுப்பு கழண்டுபோச்சு.”

“அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு நாள் ஆச்சு. கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேட்டார்.”

“லீவு கிடைக்கணுமே! லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோ.”

“லேட்டா? நீ ஒன்பது மணி நேரம் சீக்கிரமா வந்து நிக்கிறே!”

தம்பி முழித்தான்.

“அங்கே ராத்திரி பதினோரு மணின்னா, இங்கே விடிஞ்சு காலை ஒன்பது மணிடா. நீ சொல்ற விமானம் இன்னும் கடல்மேல பறந்துகிட்டிருக்கு. இறங்க நடுராத்திரி ஆகும். இந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டா இப்படித்தான் மாட்டிப்பே. பத்து வருஷமா விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், என் காதுலயே பூ சுத்துறியா? எங்கேடா இருந்தே?”

தம்பி பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தபடி முணுமுணுத்தான். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மாமனார் வீட்டு மாடியில. வேலை போய் ஆறு மாசமாச்சுக்கா.”

“பத்து நிமிஷ நடை! அதுக்கு எட்டு நாளாடா?” அக்கா கையை ஓங்கினாள்.

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

“திட்டாதேம்மா. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கான்.”