ஒரு குமிழிகூட இல்லை

“மிதிங்கக்கா. மிதிச்சு அப்படியே பிடிங்க.”

வண்டிக்கடியில் படுத்தபடி சொன்னான் சுகுமாறன். மலேசியாவில், கிள்ளானில் பதினெட்டு வருஷமாகக் கார் பட்டறை வைத்திருப்பவன்.

மேலே டிரைவர் சீட்டில் இருந்தது புஷ்பவல்லி. இருபது நாளைக்கு முன் அவள் புருஷன் பழனியப்பன் இதே சீட்டில் உட்கார்ந்து, இதே பழைய சாகா காரோடு போர்ட் கிள்ளானில் ஒரு மீன்பிடிப் படகுத்துறையின் விளிம்பைத் தாண்டி விழுந்தார். கடல் வற்றியிருந்த நேரம். வண்டியின் மூக்கு சேற்றில் குத்திக்கொள்ள, பின்பக்கம் மட்டும் வெளியே நின்றதாம். ஆளைத் தூக்கியபோது மூச்சில்லை.

அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் பார்த்த ஒரே ஆள். வண்டி நேராகப் போனது, பின்னால் சிவப்பு விளக்கு எரியவேயில்லை என்றார். பழைய வண்டி, பல்பு போயிருக்கும் என்று எல்லாரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். போலீஸிலும் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

விழுவதற்கு மூன்று நாள் முன்புதான் சுகுமாறன் அந்த வண்டிக்குப் பிரேக் பார்த்துக் கொடுத்திருந்தான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று புருஷனை அனுப்பிவைத்ததே புஷ்பவல்லிதான். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை நாலு சக்கரத்திலும் வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்துப் பக்கம் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூடுகிற வேலை. அன்று ஆள் இல்லாததால் பழனியப்பனே மிதித்தார். மிதிக்கச் சொன்னால் மிதித்தார், விடச் சொன்னால் விட்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று சக்கரம் முடித்தது சுகுமாறனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பின் இடது சக்கரத்தில் நிப்பிள் துருவேறி இறுகியிருக்க, அதைக் கடைசிக்கு வைத்தான். நடுவில் போன் வந்து எழுந்து போனான். திரும்பி வந்து அதை முடித்தானா, முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டானா? இருபது நாளாகச் சோற்றில் கை வைத்தாலும் இதே கேள்விதான். உள்ளே காற்று நின்றுவிட்டால், அவசரத்துக்கு மிதிக்கும்போது பெடல் சும்மா கீழே போகும். வண்டி நிற்காது.

சாவு வீட்டில் மூத்தவன் ரிஷி எல்லார் முன்னாலும் கேட்டே விட்டான். “எங்கப்பாவக் கொன்னுட்டு மாலை வேற போட வந்தீங்களா, அங்கிள்?”

சுகுமாறன் மாலையை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டான். அப்புறம் பழகிய வாடிக்கையாளர்கள்கூட அடுத்த தெருப் பட்டறைக்குப் போக ஆரம்பித்தார்கள். அவன் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இன்று காலை போலீஸ் விட்டுக்கொடுத்த வண்டியை இழுவை லோரியில் ஏற்றிக்கொண்டு புஷ்பவல்லி வந்து இறங்கினாள். காற்று இருந்ததா இல்லையா என்று தன் கண் முன்னால் பார்த்துச் சொல்லச் சொன்னாள். பெடலைத் தானே மிதிப்பதாகவும் சொன்னாள். கேஸ் போடத்தான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் துணியவில்லை.

மூன்று சக்கரம் பார்த்தாயிற்று. நிப்பிளில் மாட்டிய வெள்ளைக் குழாயில் ஆயில் சுத்தமாக இறங்கியது. இப்போது பின் இடது.

ஸ்பேனரை மாட்டியவன் ஒரு கணம் நின்றான். துருவின் மேல் ஸ்பேனர் பல் பதிந்த தடம் புதிதாகப் பளபளத்தது. திருப்பினான். முரண்டு பண்ணாமல் திறந்தது.

“மிதிங்கக்கா… பிடிங்க… விடுங்க.”

ஆறு தடவை. தேன் நிறத்தில் ஆயில் இறங்கியது, ஒரு குமிழிகூட இல்லாமல்.

சுகுமாறன் கீழேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தான். எழுந்து வந்தபோது கண்ணைத் துடைத்த கை கன்னத்தில் கரியைப் பூசியிருந்தது.

“காத்தே இல்லக்கா. நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன் லா. பெடல் கல்லு மாதிரி நிக்குது, உங்க காலுக்கே தெரியுதுல்ல?”

அவள் காலை எடுக்கவில்லை. பின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

இருந்த சந்தோஷத்தில் அதற்கென்ன என்று ஓடினான். தன் பட்டறை பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, பெடலுக்கு மேலிருந்த சுவிட்சில் காய்ந்த சேற்றைச் சுரண்டித் துடைத்தான். அவள் மிதித்தாள். பின் சுவரெல்லாம் சிவந்தது.

“பல்பும் நல்லாத்தான் இருக்கு, பாருங்க.”

புஷ்பவல்லி கண்ணாடி வழியாக அந்தச் சுவரையே பார்த்தாள். காலை எடுத்தாள், அணைந்தது. மிதித்தாள், எரிந்தது. மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் சுகுமாறனுக்கு உறைத்தது. பிரேக் சரி, பல்பும் சரி. அன்று அந்த விளக்கு எரியவில்லை என்றால், மிதிக்க வேண்டியவர் மிதிக்கவேயில்லை.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

“பிள்ளைங்ககிட்ட, காத்து இருந்துச்சுன்னே சொல்லிடுங்க தம்பி.”