கம்பளியும் கட்டைவிரலும்

ஒரூரோ நகரின் வறண்ட குளிரில், எக்ஸ்ரே மாலை வகுப்பின் இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கறையில்லாத படம் எடுப்பவருக்கே ஆஸ்பத்திரி வேலை. மூன்று மாதமாக எர்மீனியாவின் படம்தான் சுத்தம். இன்று அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே ஃபிலிமை வெடுக்கென்று உருவுகிறாள். கம்பளியில் ஏறிய நிலைமின்சாரம் ஃபிலிமின்மேல் சடசடவென்று பொறியாய்ப் பறக்கிறது. அதே வேலைக்குப் போட்டியிடும் நெலிதா எச்சரிக்கவில்லை, தன் ஃபிலிமை இறுகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கழுவிய படங்களை வாத்தியார் வெளிச்சப் பெட்டியில் மாட்டுகிறார். எர்மீனியாவின் படத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே, பொறி பட்ட இடத்தில், கிளைகிளையாய்க் கருங்கோடுகள். “நெஞ்சுக்குள்ள மரம் நட்டுட்டியேம்மா!” எல்லோருடனும் எர்மீனியாவும் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பும் நெலிதாவுக்கு எரிகிறது. வாத்தியார் அடுத்த படத்தில், பிறைபோல் வளைந்த ஒரு கருங்கறையின்மேல் விரல் வைக்கிறார். “நெலிதா, நகத்தால இப்படி நெரிச்சிருக்கியே, ஃபிலிம் மேல உனக்கென்னம்மா கோபம்?” நெலிதா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள்.