கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம்?

ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து மருமகளின் மணிக்கட்டைக் கெங்கம்மா விடவே இல்லை.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து சவுக்குத் தோப்புக்கு ஒரு மைல் நடை. கூடாரத்துக்கான பழைய பாய்த்துணியையும் மூங்கில் கழிகளையும் சுமந்துகொண்டு புருஷன் அப்பாவுவும் மகன் ஜெயவேலும் முன்னால் போனார்கள். பின்னால் கெங்கம்மா, கைதியைக் கூட்டிப் போகிற வார்டர் மாதிரி வரலட்சுமியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜெயவேல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டு நடக்க அவனுக்கும் ஆசை இருக்காதா?

"சின்னஞ்சிறுசுங்க. கொஞ்சம் வுடேன்" என்றார் அப்பாவு.

"நீ மூட்டையத் தூக்கிக்கினு முன்னால போ" என்றாள் கெங்கம்மா.

தோப்பிலும் அதே கதைதான். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்த மருமகளிடமிருந்து முறத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இவள் பொறுக்கினால் கல்லைத்தான் தின்ன வேண்டும் என்று ஒரு குத்தல் வேறு. வரலட்சுமியின் கவலையே வேறு.

அப்பாவு துறைமுகத்தில் படகுக்காரர். கிறிஸ்துமஸ் லீவு விட்டால் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி எண்ணூரில் தங்குவார். கூடாரம் போட வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் தெரியுமா என்பது அவர் கேள்வி. இருட்டியதும் எல்லோரையும் மணலில் மல்லாக்கப் படுக்க வைத்து நட்சத்திரம் காட்டுவார். கடைசியில் கார்த்திகை நட்சத்திரம் எங்கே என்று ஒவ்வொருவரும் விரலால் காட்டி, எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பருந்துக் கண் என்று தண்டையார்பேட்டை முழுக்கப் பீற்றிக்கொள்கிற மனுஷர்.

வரலட்சுமிக்கோ பத்தடி தள்ளி நிற்கிற ஆள் யாரென்று தெரியாது.

பெண் பார்க்க வந்தபோது அவளுடைய அம்மா அதைப்பற்றி மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்தால் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மகளையும் மிரட்டி வைத்திருந்தாள். போன தையில், விடியற்காலை முகூர்த்தத்தில், அருந்ததி பார்க்கச் சொன்னபோது 'தெரியுது' என்று தலையாட்டித்தான் தப்பித்தாள். கண்ணாடி போடலாம் என்றால், அவர்கள் தெருவில் கண்ணாடி போட்ட பொம்பளையை யாரும் பார்த்ததே கிடையாது.

இருட்டியது. நிலா இல்லாத வானம். ஜெயவேல் காட்டினான், எண்ணினான், ஆறு என்றான்.

"இப்ப நீ காட்டும்மா" என்றார் அப்பாவு, மருமகளிடம்.

வரலட்சுமி விரலைத் தூக்கினாள். தலைக்கு மேலே ஒரே கறுப்பு. எந்தப் பக்கம் காட்டுவது?

"பெரியவ நான் குந்திக்கினு கீறேன், எனக்கு முன்னாடி அவளா?" என்று கெங்கம்மா குறுக்கே பாய்ந்தாள். விறைப்பாக விரலை நீட்டினாள். "அதோ கீது பாரு."

"அது சவுக்கு மரம்" என்றார் அப்பாவு.

ஜெயவேல் சிரித்துவிட்டான். கெங்கம்மா சிரிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தனக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை, எல்லாம் ஒரே இருட்டு என்று புலம்ப ஆரம்பித்தாள். அப்பாவு பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். ஆட்டம் அதோடு கலைந்தது. வரலட்சுமி விரலை மடக்கிக்கொண்டாள். பாவம், மாமியார் கண் கெட்டதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

லீவு முடிந்ததும் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் அப்பாவு. கெங்கம்மா சின்னக் குழந்தை மாதிரி அடம் பிடித்தாள்.

"எனக்கு பயமா கீது. மொதல்ல டாக்டரு மருமவ கண்ணப் பாக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் நான் காட்டுவேன்."

தன் பயத்துக்கு வீட்டுக்கு வந்த பெண்ணைப் பலி கொடுக்கிறாளே என்று ஜெயவேலுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இரண்டு பேரும் போனார்கள். திரும்பியபோது இரண்டு பேர் மூக்கிலும் கண்ணாடி இருந்தது.

அப்பாவு மருமகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் வட்டக் கண்ணாடியோடு அவர் பெண்டாட்டி நின்றாள். என்னத்தைச் சொல்வது? என் வீட்டு ராசி என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். தெருவும் ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்தது.

மாசியில், வரலட்சுமியே ஆசைப்பட்டுக் கேட்டதால், மறுபடியும் எண்ணூர்.

ஆண்கள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார்கள். மாமியாரும் மருமகளும் மணலில் படுத்திருந்தார்கள். வரலட்சுமி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இவ்வளவு இருந்ததா என்று மாமியாரிடம் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக விரல் வைத்து, கார்த்திகையை எண்ணினாள்.

"ஆறு, அத்தே."

கெங்கம்மா கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே பார்த்தாள்.

"ஏழு. ஓரமா பொடிசா ஒண்ணு கீது, நல்லா பாரு."

வரலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே அத்தே?"

தோப்புக்குள் அப்பாவுவின் பேச்சுக்குரல் கேட்டது. கெங்கம்மா அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மணவறையில, வடக்கால கீற அருந்ததிய நீ தெக்கால பாத்துக்கினு 'தெரியுது'ன்னியே, அந்த மாதிரிதான்" என்றாள்.