புதிதாகச் சேர்க்கப்பட்ட கேள்வி

உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்பட்டது: கணினிப் பாதுகாப்புப் பொறியாளர் தகுதித் தேர்வு, காலத்தின் அறைகூவலை ஏற்று அடியோடு புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

இதற்காகத் தேர்வுக் குழு பலமுறை கூடி, பலமுறை டீ குடித்தது.

பழைய சான்றிதழ் இனிச் செல்லாது. மறுபடி எழுதித் தேற வேண்டும். தேறாதவர் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும்.

ஆகவே வங்கியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரும், தலை நரைத்த வயதில், கணினியின் முன் கைகட்டி உட்கார்ந்தார். ஆபீசில் அவருக்குச் 'சந்தேகப் பிராணி' என்று பெயர். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்காமல் படுக்க மாட்டார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று முடித்துக்கொண்டு வந்தார்.

கடைசிப் பகுதி புதிது. தலைப்பு, 'போலிக் குரல்கள்'.

"தெரியாத எண்ணிலிருந்து உங்கள் தங்கையின் குரல்: 'அண்ணா, நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, பக்கத்துல ஒருத்தர்கிட்ட வாங்கிப் பேசுறேன். அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில இன்சூரன்ஸ் நம்பர் கேக்குறாங்க, சீக்கிரம் சொல்லு.' நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அ: அழைப்பைத் துண்டித்து, அந்த எண்ணைத் தடைசெய்வேன்.

மற்ற மூன்றும் குழந்தைகூடத் தொடாத விடைகள்.

மவுஸின் மேல் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

மேற்பார்வைக்கு நின்ற பெண் குனிந்தாள். "என்ன சார், கஷ்டமான கேள்வியா? தண்ணி ஏதாவது வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினார்.

கஷ்டமான கேள்வி இல்லை. அவரே எழுதிக் கொடுத்ததுதான்.

புதுத் தேர்வுக்கு உண்மைச் சம்பவங்கள் வேண்டுமென்று குழு கேட்டிருந்த சமயம். ஒருநாள் மதியம் அவருக்கே இந்த அழைப்பு வந்தது. விதிப்படி துண்டித்தார், எண்ணைத் தடைசெய்தார், தங்கையின் சொந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். அணைந்திருந்தது. மோசடிப் பயல் எல்லாவற்றையும் பக்காவாக யோசித்துத்தான் பேசியிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டார். சூட்டோடு சூடாக, ஒரு சொல் மாறாமல் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் தங்கை சொந்த எண்ணிலிருந்தே கூப்பிட்டாள். அதற்குள் அம்மாவுக்கு எந்த நம்பரும் தேவைப்படாமல் போயிருந்தது.

அவள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

அனுப்பியதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். காரணம் கேட்பார்கள். சொல்ல வாய் வரவில்லை.

திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேறு எதைத் தொட்டாலும் தப்பு.

'அ'வை அழுத்தினார்.

சரியான விடை. ஒரு மதிப்பெண்.