எப்படி ஆச்சு?

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

அவள் மறுபடியும் காலையிலிருந்து ஆரம்பித்தாள்.

"எந்திரிச்சதும் காபி கேட்டாரு. சக்கரை பத்தலைன்னாரு. இந்த வயசுக்கு இது போதும்னேன். குடிச்சிட்டுப் பேப்பரைப் பிரிச்சவரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

இந்த இடத்தில் எல்லோரும் 'ஐயோ' என்பார்கள். இவரும் சொன்னார்.

புருஷன் போனதிலிருந்து இதே பாட்டுதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அழுகைகூடச் சரியான இடத்தில் தானாக வந்து நின்றது. சே, என்ன பிழைப்பு இது.

"சுகர் உண்டோ?"

"இல்லை."

"பிரஷர்?"

"அதுவும் இல்லை."

"வாக்கிங் போவாரா?"

"தினமும் போவாரு."

அவர் முகம் தொங்கிப்போனது. பாவம், அவரும் தினமும் போகிறவர்.

சிகரெட் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அவளுக்கு வாயில் வரவில்லை.

அவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாதே.

கொழுந்தன் பக்கத்தில் வந்தான்.

"எதுக்கு அண்ணி ஒவ்வொருத்தர்கிட்டயும் காபியிலேர்ந்து? ஹார்ட் அட்டாக்னு சொல்லி முடிங்க. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அடுத்து வந்தவர்களிடம் அப்படியே சொல்லிப் பார்த்தாள்.

ஒரே வார்த்தையில் செத்துப்போனார்.

காபி கேட்கவில்லை. பேப்பர் பிரிக்கவில்லை.



சாயங்காலம் எதிர்வீட்டுச் செண்பகம் வந்தாள். அன்றைக்குத்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். தெருவிலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கங்கே கிடந்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இப்படி ஒருத்திகூட வரமாட்டாளா என்றுதான் அவள் ஏங்கிக் கிடந்தாள்.

செண்பகம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினாள்.

அவளால் தாங்க முடியவில்லை.

"ஏண்டி, எப்படி ஆச்சுன்னு நீ கேக்கவே இல்லையே?"

செண்பகம் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிக்கா ஆச்சு?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எந்திரிச்சதும் காபி கேட்டாரு. சக்கரை பத்தலைன்னாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சுப் போய் இன்னொரு ஸ்பூன் போட்டுக் குடுத்தேன். இப்பத்தான் காபி மாதிரி இருக்குன்னாரு."