செண்பகவல்லி பெயரில்

தலைமை ஆசிரியை குனிந்து அவர் காதருகே கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த விதியை மட்டும் வாசிக்காம விட்டுரவா? செண்பகவல்லி நினைவு உதவித்தொகைன்னு சொன்னாப் போதும்லா?"

அவர் மேடையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அதையும் வாசிங்க டீச்சர். அதுக்காகத்தான் வச்சதே."

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர். மகள் செண்பகவல்லி படித்த பள்ளியின் மேடைக்கு இதற்கு முன் வந்ததில்லை. அங்கே கூப்பிட்டுக் கொடுக்கும்படி மகள் எதிலும் ஜெயித்ததில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் தோற்றாள்.

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்பு என்றார்கள் சிலர். மாப்பிள்ளை பார் என்றார்கள் சிலர்.

ஒரு நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மறுநாள் காலையில் தலைவாரிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மறுபடி எழுதணும் என்றாள்.

அதிலும் தோற்றாள்.

பாகு காய்ச்சும் அடுப்பின் வெக்கையில் உட்கார்ந்து, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாள். விடை தப்பினால் வாய்க்குள் திட்டுவாள். கணக்கைத்தான். தன்னை அல்ல.

மூன்றாம் தடவை தேறினாள்.

அன்று தட்டு நிறைய மிட்டாய் அடுக்கி, தெரு முழுக்க அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பாஸானதுக்கா இவ்வளவு என்று சிரித்தார்கள். ஆமா என்றார்.

அந்தத் தெருவில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் உண்டு. தோற்ற இடத்துக்கே திரும்பத் திரும்ப நடந்துபோன பிள்ளை அவள் ஒருத்திதான்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம்கூட அவள் தாங்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் மனைவி கோமதி சொன்னாள். எம் பிள்ளை கிளாஸ்ல எப்பவும் முதல்ல வருவா.

இல்லாமல்போன மகளுக்குத் தாய் போட்டுக்கொடுத்த மார்க் அது. அவர் திருத்தவில்லை.

மகள் பெயரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, பள்ளியில் உதவித்தொகை வைக்கலாம் என்றபோது கோமதி சம்மதித்தாள். விதியைக் கேட்டதும் முகம் மாறியது.

பத்தாம் வகுப்பில் தோற்று, மறுபடி எழுதித் தேறி, மேலே படிக்க வரும் பெண்ணுக்கு மட்டும்.

"ஊர்ல எல்லாரும் முதல் மார்க்குக்குக் கொடுக்காங்க. நம்ம பிள்ளை பெயிலானதைக் கல்லுல வெட்டி வைக்கணுமாக்கும்?"

அவர் விதியை மாற்றவே இல்லை.

முதல் வருடம் ஒருத்தியும் கேட்டு வரவில்லை. மேடைக்குக் கூப்பிட்டால் பெயிலானது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. தன்மேல் தப்போ என்று அவருக்கே தோன்றியது.

இந்த வருடம் ஒருத்தி கேட்டிருந்தாள்.

கோமதியும் வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

தலைமை ஆசிரியை விதியை வாசித்தார். ஒரு சொல்லும் விடவில்லை.

அரங்கில் சலசலப்பு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முத்துமாரி. பதினொன்றாம் வகுப்பு."

யாரும் எழவில்லை.

வராமல் போனாலும் அந்தப் பெண்மேல் குற்றமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஒல்லியான பெண். இரட்டைச் சடை. நடுப்பாதையில் அவள் வர வர, இரு பக்கமும் தலைகள் அவளோடு திரும்பின. அவள் ஓடவில்லை. தயங்கவும் இல்லை.

அவருக்கு அந்த நடை தெரியும். மகளைப் பரீட்சைக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறபோதெல்லாம், அவள் வாசலைத் தாண்டி உள்ளே மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

முதுகைத்தான் பார்த்தார் அப்போது. இது முகம்.

காசோலை உறையோடு எழுந்தார். பக்கத்து நாற்காலியும் பின்னால் தள்ளப்பட்டது.

கோமதி எழுந்திருந்தாள். அவர் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் முன்னால் போய் நின்றாள்.

கொடுக்கவில்லை.

"கணக்குல எத்தன தாயி?"

முத்துமாரி தலை குனிந்தாள். "முப்பத்தாறு."

கோமதி அவள் நாடியைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"எம் பிள்ளை முப்பத்தஞ்சு. நீ ஒண்ணு கூட."

மைக் அருகில்தான் இருந்தது. அந்தக் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. சலசலப்பு நின்றது.

கோமதி திடுக்கிட்டு அரங்கைப் பார்த்தாள். துக்கத்துக்கு வந்து போனவர்கள் சிலரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியை பதறிப்போய் மைக்கை நகர்த்தக் கை நீட்டினார்.

வேண்டாம் என்று கோமதி தலையசைத்தாள். முத்துமாரியின் கையைப் பிடித்தபடி, மைக்கின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"மூணு தடவ எழுதுனா," என்றாள்.