திங்கட்கிழமை அறை

ஒரு விடுதியின் சாப்பாட்டுப் பட்டியல் கோப்பில், முதல் வரியான ‘திங்கள்: இட்லி’க்குத் தலைகால் புரியாத கர்வம். கடைசி வரியில் ஒண்டிக்கிடந்த ‘திங்கள்: உப்புமா’வை அது ஏறெடுத்தும் பார்க்காது.

ஒருநாள் ஸ்கிரிப்ட் என்கிற குட்டிக் கணினி நிரல் வந்து, வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, கிழமைக்கு ஓர் அறை என்று பிரித்துவைக்கும் ‘அகராதி’ என்கிற கணினிப் பெட்டகத்துக்குள் குடிவைத்தது. இட்லி முதல் ஆளாகப் போய்த் திங்கள் அறையில் கால்நீட்டிப் படுத்தது. கடைசியில் உப்புமா நுழைந்ததும் இட்லி வாசலில் வந்து விழுந்தது.

“நான்தானே முதல்ல வந்தேன்?”

“அறை ஒண்ணுதான். கடைசியா வர்றவங்களுக்குத்தான் இடம்,” என்றது ஸ்கிரிப்ட்.

மறுவாரம் ஸ்கிரிப்ட் வந்ததும், இட்லி உப்புமாவிடம் குழைந்தது. “அண்ணே, நீங்க பெரியவங்க. முதல்ல போங்க.”

“அதெப்படிங்க? உங்களுக்குப் பிறகுதான் நாங்க,” என்றது உப்புமா.

இரண்டும் வாசலிலேயே நிற்க, திங்கள் அறை காலியாகவே கிடந்தது. அந்தத் திங்கட்கிழமை விடுதியே பட்டினி.